சட்டைப்பையில் அடங்கும் வாட்டர்கலர் பெட்டியை நாமே செய்துகொள்வது எப்படி?

கேட்டவர் செங்கல்பட்டிலிருந்து தினமும் மின்சார ரயிலில் சென்னைக் கடற்கரைக்கு வேலைக்குப் போகிறவர். ரயிலிலும் மதிய இடைவேளையிலும் வரைய ஆசை. கடையில் விற்கும் பயணப் பெட்டிகள் விலையும் அதிகம், பையையும் அடைத்துக்கொள்கின்றன. எந்த டப்பாவை எடுத்துக்கொள்வது, எத்தனை நிறம் வைப்பது, என்ன செலவாகும் என்பது அவர் கேள்வி.

டப்பாவைக் கடைசியில் பார்ப்போம். எல்லோரும் டப்பாவில்தான் ஆரம்பிக்கிறோம். நானும் அப்படித்தான். வாகான தகர டப்பா ஒன்று கிடைத்ததும் அதில் பதினான்கு நிறங்களை அடைத்துவிட்டேன். அப்புறம் பார்த்தால் பிரஷ் அதற்குள் போகவில்லை, கலக்க இடமில்லை, தாள் ஒரு பையில், தண்ணீர் இன்னொரு பையில். டப்பா மட்டும் சட்டைப்பையில் இருந்தது. வரைய வேண்டுமென்றால் முதுகுப்பையை இறக்கித் திறக்க வேண்டும். ரயில் கூட்டத்தில் யார் அதைச் செய்வார்? ஆறு மாதம் அந்த டப்பா என்னோடு சும்மா போய்ச் சும்மா வந்தது.

ஆகவே தாளில் ஆரம்பியுங்கள். எந்த அளவுத் தாளில் வரையப் போகிறீர்கள் என்பது முடிவானால் பிரஷ் எந்த எண், தண்ணீர் எவ்வளவு, கலக்க எவ்வளவு இடம் என்பதெல்லாம் தானாக முடிவாகிவிடும். சட்டைப்பைக்கு நான் சொல்லும் அளவு தபால் அட்டை. நம் ஊர் அஞ்சலட்டை 14 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலம். வாட்டர்கலர் தாளை முழு ஷீட்டாக, அதாவது 22க்கு 30 அங்குலமாக வாங்கி, 22 அங்குலப் பக்கத்தை நான்காகவும் 30 அங்குலப் பக்கத்தை எட்டாகவும் வெட்டினால், ஏறத்தாழ அஞ்சலட்டை அளவில் 32 துண்டுகள் கிடைக்கும். துளியும் வீணாகாது. நோட்டுப் புத்தகமாக வாங்குவதைவிட இது மலிவு. படம் பாழானால் ஒரு துண்டோடு போயிற்று, புத்தகமே கெட்டுவிட்டதே என்ற வருத்தம் இல்லை.

தாளின் கனம் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருந்தால் நிம்மதி. ஆனால் இவ்வளவு சின்னத் துண்டில் 200 ஜிஎஸ்எம்மும் பெரிதாக நெளியாது. பெரிய தாளில்தான் அது அப்பளம் மாதிரி ஆகும். பருத்தித் தாளா, மரக்கூழ்த் தாளா என்றால், கையில் பணம் இருக்குமானால் பெயின்ட்டில் மிச்சம் பிடித்துத் தாளில் செலவழியுங்கள். சுமாரான பெயின்ட்டை நல்ல தாள் காப்பாற்றும். நல்ல பெயின்ட்டைச் சுமாரான தாள் காப்பாற்றாது. பத்துத் துண்டுகளை அதே அளவுக் கனமான அட்டை ஒன்றின்மேல் வைத்து இரண்டு ரப்பர் பேண்டு போட்டால் அதுவே வரையும் பலகை.

அடுத்து பிரஷ். அஞ்சலட்டை அளவுக்கு ஆறாம் எண் ரவுண்டு பிரஷ் ஒன்று போதும். நுனி ஊசிபோலக் கூட வேண்டும். கடையில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கி, நனைத்து, ஒரு உதறு உதறிப் பாருங்கள். நுனி கூடாமல் பிளந்து நின்றால் வேண்டாம். நைலான் பிரஷ்ஷே போதும். கீரி முடி பிரஷ் அருமையானது என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கீரி பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதன் முடியில் செய்த பிரஷ்ஷை விற்பதும் வாங்குவதும் குற்றம். பிரஷ்ஷுக்காகக் கீரிகளைக் கொல்கிறார்கள் என்பது தெரிந்த பிறகு அதைக் கையில் எடுக்கவும் மனம் வராது.

பிரஷ்ஷின் கைப்பிடியை, உலோகக் குழாய் முடியும் இடத்திலிருந்து ஆறேழு சென்டிமீட்டர் விட்டு, ஆக்ஸா பிளேடால் அறுத்துவிடுங்கள். அறுத்த முனையை உப்புத்தாளால் தேய்த்து, ஈரம் ஏறாமல் இருக்கக் கொஞ்சம் நகப்பூச்சு தடவுங்கள். முடிப்பக்கத்துக்கு ஸ்கெட்ச் பேனா மூடி ஒன்று பொருத்தமாக இருக்கும். மூடும்போது முடி மடங்குகிறதா என்று பாருங்கள். ஒரு தடவை மடங்கிக் காய்ந்துவிட்டால் அந்த நுனி திரும்ப வராது. மூடியின் தலையில் ஊசியைக் காய்ச்சி ஒரு துளை போட்டுவிட்டால் உள்ளே ஈரம் தங்காது.

வாட்டர் பிரஷ் என்று ஒன்று விற்கிறார்கள். கைப்பிடியே தண்ணீர்க் குழாய், அமுக்கினால் நுனியில் நீர் கசியும். ஓடும் ரயிலில் வரைய அதைவிட வசதி வேறில்லை, ஏனென்றால் திறந்த தண்ணீர்க் கிண்ணமே தேவையில்லை. ஆனால் அதற்கொரு குணம் உண்டு. நீங்கள் கெட்டியான நிறம் வேண்டும் என்று நினைக்கும் நேரத்தில்தான் சொட்டு விடும். அடர்த்தியான நிழலை அதில் போடப் பொறுமை வேண்டும். ரயிலுக்கு வாட்டர் பிரஷ், மதியம் உட்கார்ந்து வரையும்போது அறுத்த பிரஷ் என்று இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தாலும் இரண்டு பேனா இடம்தான்.

தண்ணீருக்கு, தீர்ந்துபோன கண் சொட்டு மருந்து பாட்டிலைக் கழுவி நிரப்பிக்கொள்ளுங்கள். 10 மி.லி. ஒரு அஞ்சலட்டைக்குத் தாராளம். ஊற்றி வைக்கும் கிண்ணத்துக்கு நான் பயன்படுத்துவது எவர்சில்வர் பாலாடை. குழந்தைக்குப் பால் புகட்டும் அதேதான். உடையாது, கையளவு கூட இல்லை, பிரஷ்ஷை வழித்துவிட அதன் மூக்கு தோதாக இருக்கிறது. வீட்டில் குழந்தை வளர்ந்துவிட்டால் எங்காவது ஒரு டப்பாவில் கிடக்கும், தேடிப் பாருங்கள். துடைக்கத் துணிக்குப் பதில் பழைய சாக்ஸின் மேல்பட்டையை வெட்டி இடது மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். பிரஷ்ஷைக் கையிலேயே ஒற்றி எடுக்கலாம், கர்சீப்பைத் தேட வேண்டாம். பார்ப்பவர்கள் கையில் அடிபட்டதா என்று கேட்பார்கள். அது பரவாயில்லை.

இனி நிறம். ஆறு போதும்.

எலுமிச்சை மஞ்சள், மஞ்சள் காவி எனப்படும் யெல்லோ ஓக்கர், செம்பழுப்பான பர்ன்ட் சியன்னா, குயினாக்ரிடோன் ரோஸ், அல்ட்ராமரைன் நீலம், தாலோ நீலம். அஞ்சறைப் பெட்டியில் ஏழு கிண்ணத்தை வைத்துக்கொண்டு தினமும் சமைக்கிறோம். இதுவும் அப்படித்தான், எது எதோடு சேரும் என்று தெரிந்தால் போதும். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் சாம்பல் வரும். கெட்டியாகக் கலந்தால் ஏறக்குறையக் கறுப்பே வரும், அதனால் கறுப்பு ட்யூப் வேண்டாம். எலுமிச்சை மஞ்சளில் தாலோ நீலம் ஒரு துளி தொட்டால் நாற்றங்கால் பச்சை. அதிலேயே சியன்னா கொஞ்சம் சேர்த்தால் பனையோலையும் வேப்பமரமும் வந்துவிடும். உங்கள் பாதையின் கடைசியில், கடற்கரை நிலையத்துக்குப் பக்கத்தில், 1892இல் கட்டி முடித்த உயர் நீதிமன்றம் இருக்கிறதே, அந்தச் செங்கல் சிவப்புக்குச் சியன்னாவில் ரோஸ் சேருங்கள். கோபுரத்தின் நிழல் பக்கத்துக்கு அந்தக் கலவையிலேயே அல்ட்ராமரைனைத் தொட்டால் போதும். நிழலுக்குத் தனியாக நிறம் தேட வேண்டியதில்லை.

தாலோ நீலத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது பெருங்காயம் மாதிரி, சுண்டுவிரல் நுனியளவு போட்டாலே மொத்தப் பாத்திரத்தையும் பிடித்துக்கொள்ளும். பெட்டியில் அதை ஓரத்தில், அல்ட்ராமரைனை ஒட்டி வையுங்கள். மஞ்சளுக்கு அருகில் வைத்தால் ஒரே வாரத்தில் மஞ்சள் பச்சையாகிவிடும்.

ட்யூப் வாங்கும்போது முன்பக்கப் பெயரைவிடப் பின்பக்கப் பொடி எழுத்தைப் பாருங்கள். பி.பி. 29 என்றிருந்தால் அல்ட்ராமரைன், பி.வி. 19 என்றால் குயினாக்ரிடோன். நிறமியின் உண்மையான அடையாளம் அந்த எண்தான். பெயர் ஆளுக்கொன்று வைப்பார்கள். அலிசரின் கிரிம்சன் என்ற பெயரில் பி.ஆர். 83 இருந்தால் தவிர்த்துவிடலாம், வெளிச்சத்தில் மங்கிப்போகும் நிறமி அது. மாணவர் ரகத்தில் நிறமி குறைவு, நிரப்புப்பொருள் அதிகம். பழக அது போதும், ஆனால் ஆறே நிறம் வாங்கும்போது ஆர்ட்டிஸ்ட் ரகத்தையே வாங்கிவிடலாம். போஸ்டர் கலரை மட்டும் வாட்டர்கலர் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். காய்ந்தபின் அது சரியாகக் கரையாது. அக்ரிலிக் கரையவே கரையாது.

காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டதும் கரைவதுதான் இந்த விளையாட்டுக்கே அடிப்படை. நிறமியைப் பிடித்துவைப்பது கருவேல இனத்து மரத்தின் பிசின். நம் ஊர் வேலம்பிசின் அதற்கு உறவு. எத்தனை முறை காய்ந்தாலும் நீரில் இளகும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை ஓவியர்கள் நிறமியை அரைத்துப் பிசினில் குழைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. லண்டனில் ரீவ்ஸ் சகோதரர்கள் வண்ணத்தைக் கட்டியாகச் செய்து விற்கத் தொடங்கி, அதற்காக 1781இல் கலைச் சங்கத்தின் வெள்ளிப் பரிசும் வாங்கினார்கள். வாட்டர்கலர் வீட்டைவிட்டு வெளியே நடந்தது அந்தக் கட்டியால்தான். ட்யூப் 1841இல்தான் வந்தது, ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் கண்டுபிடித்தது. ஆங்கில ஓவியர் டர்னர் வைத்திருந்த பயணப் பெட்டி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பஞ்சாங்கத்தின் தோல் அட்டையை எடுத்து, உள்ளே வண்ணக் கட்டிகளை ஒட்டி, மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். நாம் இப்போது செய்யப்போவதும் அதேதான்.

இப்போது டப்பாவுக்கு வரலாம். சட்டைப்பை என்றால் தடிமன் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஜியாமெட்ரி பாக்ஸ் பலரும் சொல்லும் யோசனை. அது தோள்பைக்குச் சரி, சட்டைப்பைக்கு நீளம் அதிகம். விசிட்டிங் கார்டு வைக்கும் உலோகக் கூடு அளவில் மிகச் சரி, ஆனால் ஆழம் குறைவு. கடையில் தனியாக விற்கும் பிளாஸ்டிக் ஹாஃப் பான், அதாவது வண்ணம் நிரப்பும் குட்டிக் கிண்ணம், ஒரு சென்டிமீட்டர் உயரம் இருப்பதால் மூடி மூடாது. (பான் என்றே எழுதுகிறேன். உச்சரிப்பை மதித்து ‘பேன்’ என்று எழுதினால் தலையில் ஏறிக்கொள்ளும்.) மாத்திரை டப்பா, அதாவது வாரத்துக்கு ஏழு அறை உள்ளது, பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு அறையும் இறுக மூடுவதால் மழைக்காலத்தில் பூஞ்சை வளர்க்கத்தான் லாயக்கு. கலக்கவும் இடம் கிடையாது.

நான் சிபாரிசு செய்வது தீர்ந்துபோன ஐஷேடோ பெட்டி. வீட்டில் அக்காவையோ தங்கையையோ கேளுங்கள். ஆழம் குறைந்த உலோகக் கிண்ணங்கள் அதிலேயே இருக்கும், ‘டக்’கென்று மூடும், தடிமனும் குறைவு. மிச்சப் பொடியைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு இரண்டு முறை தேய்த்துக் கழுவுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் பெயின்ட் ஒட்டாது. மூடியில் உள்ள கண்ணாடிமேல், ஐஸ்கிரீம் டப்பாவின் வெள்ளை மூடியை அளவாக வெட்டி இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள். அதுதான் கலக்கும் தட்டு. புது பிளாஸ்டிக்கில் நீர் தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு ஓடும். நைசான உப்புத்தாளாலோ பற்பசையாலோ மேலாகத் தேய்த்தால் பரவி நிற்கும்.

அது கிடைக்காவிட்டால் மிட்டாய்த் தகர டப்பா. இதில் இரண்டு வழி. ஒன்று, குழாய் ஒழுகலை அடைக்கும் எம்-சீலைப் பிசைந்து கயிறாக உருட்டி டப்பாவின் அடியில் சுவர்கள் எழுப்பி ஆறு அறைகள் செய்வது. சிறுவயதில் களிமண்ணில் அடுப்புக் கட்டி விளையாடியவர்களுக்குச் சுலபம். கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள், ஒரு நாள் இறுகவிடுங்கள். பிறகு டப்பா முழுவதற்கும் வெள்ளை எனாமல் இரண்டு கோட்டிங். ஹார்டுவேர் கடையில் சின்ன டின்னாகவே கிடைக்கும். இரண்டாவது வழி, தனித்தனிக் கிண்ணங்களின் அடியில் காந்தம் ஒட்டி வைப்பது. தண்ணீர் கேன்காரர், கேஸ் ஏஜென்சி என்று ஆளாளுக்கு ஃப்ரிட்ஜில் ஒட்டக் கொடுக்கும் விளம்பரக் காந்த அட்டையைக் கத்தரித்தாலே போதும். நிறத்தை மாற்ற வேண்டுமானால் கிண்ணத்தைப் பிடுங்கி வேறு வைக்கலாம். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது, எவர்சில்வரிலும் பல ரகங்களில் ஒட்டாது. வெட்டுவதற்கு முன்னால் ஒட்டிப் பாருங்கள்.

எந்த டப்பாவானாலும் பரப்பில் பாதி கலக்கும் இடமாக இருக்கட்டும். நிறத்துக்கு இடம் போதவில்லை என்றால் நிறத்தைக் குறையுங்கள், கலக்கும் இடத்தைக் குறைக்காதீர்கள். என் பதினான்கு நிற டப்பா அதனால்தான் தோற்றது.

நிரப்புவதில் அவசரம் கூடாது. ட்யூபிலிருந்து கிண்ணத்தில் பாதி உயரம் பிதுக்கி, பல்குச்சியால் நான்கு மூலைக்கும் தள்ளி, காற்றுக் குமிழியைக் கிளறி எடுத்துவிடுங்கள். நிழலில் ஒன்றிரண்டு நாள் காயட்டும். சுருங்கி நடுவில் பள்ளம் விழும். அதன்மேல் அடுத்த அடுக்கு. ஒரேயடியாக நிரப்பி வெயிலில் வைத்தால் வறண்ட ஏரி மாதிரி வெடித்துக் கழன்று விழும். மருந்துக் கடை கிளிசரின் ஒரு சொட்டு கலந்தால் வெடிக்காது என்பார்கள். உண்மைதான், ஆனால் சென்னைக் காற்றில் உள்ள ஈரத்துக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. அதிகமானால் பிசுபிசுப்பு போகவே போகாது. 5 மி.லி. ட்யூபில் ஹாஃப் பான் இரண்டு நிரம்பும். அஞ்சலட்டை அளவில் வரைகிறவருக்கு அது மாதக்கணக்கில் வரும்.

தேன் கலந்து செய்யும் வெளிநாட்டு ரகங்கள் சில உண்டு. நிறம் பளிச்சென்று இருக்கும், பிரஷ் பட்டதும் இளகும், குளிர்நாட்டில் சொர்க்கம். நம் கடற்கரைக் காற்றில் அவற்றில் சில முழுதாகக் காய்வதே இல்லை. ஆசைப்பட்டு ஒரு நீலத்தை வாங்கி நிரப்பி, ஒரு ஐப்பசி மாதத்தில் சட்டைப்பையில் செங்குத்தாக வைத்துக்கொண்டு போனேன். அந்தச் சட்டை இப்போது பிரஷ் துடைக்கும் துணியாக இருக்கிறது.

பூஞ்சை பெரிய தொல்லை. வரைந்து முடித்ததும் ஈரத்தோடு மூடிப் பையில் போட்டால் வடகிழக்குப் பருவமழையில் நான்கே நாளில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். பிசினும் ஈரமும் இருந்தால் அதற்கு வேறென்ன வேண்டும்? வீட்டுக்கு வந்ததும் மூடியைத் திறந்து ஓர் இரவு வையுங்கள். ஃபேன் காற்று போதும். எறும்பு வரும் வீடாக இருந்தால் தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் வையுங்கள், முக்கியமாகத் தேன் ரகத்தை. பூஞ்சை வந்துவிட்டால் மேல் அடுக்கை ஈரப் பஞ்சால் வழித்தெடுத்து, நன்றாகக் காயவிட்டு, ஒரு சொட்டு கிராம்பு எண்ணெய் தொட்டு வைக்கலாம். பெயின்ட் செய்பவர்கள் காலங்காலமாகக் கையாண்ட வழி அது. பிரஷ் நுனியை நாக்கில் வைத்துக் கூராக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். காட்மியம், கோபால்ட் எல்லாம் நிறமிகளின் பட்டியலில் உண்டு.

சித்திரை வெயிலில் சிக்கல் தலைகீழ். வாஷ், அதாவது நீர்த்த நிறத்தை அகலமாகப் பூசுவது, போட்டுப் பாதித் தாளைத் தாண்டுவதற்குள் மேல்பாதி காய்ந்து கோடு விழும். நிழலில் உட்காருங்கள், தாளின் பின்பக்கத்தை முதலில் நனைத்துக்கொள்ளுங்கள். கடல் தண்ணீரைத் தொட்டு வரையலாமா என்று மெரினாவில் ஒரு சிறுவன் என்னைக் கேட்டான். நன்றாகத்தான் இருக்கும் என்று நானும் செய்து பார்த்தேன். உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருந்தது, படம் மறுநாளும் நசநசவென்று இருந்தது.

ரயிலுக்கு வருகிறேன். ஓடும்போது கோடு நடுங்கும், அதை எதிர்த்துப் பயனில்லை. கோடுகளை ரயில் நிற்கும் நிலையங்களில் போடுங்கள், நிறத்தை ஓடும்போது போடுங்கள். பேனாவுக்குப் பத்து ரூபாய் பால்பாயின்ட் போதும், அதன் மை தண்ணீரில் கரையாது. ஜெல் பேனாவும் இங்க் பேனாவும் பெரும்பாலும் கரைந்து ஓடும். டப்பாவை அட்டையின் இடது ஓரத்தில் ஒரு பைண்டர் கிளிப்பால் கவ்விவிட்டால் தாள், நிறம், அட்டை மூன்றும் ஒரே கையில் நிற்கும், மற்றது பிரஷ்ஷுக்கு. செங்கல்பட்டிலிருந்து கிளம்பியதும் கொளவாய் ஏரி வருமே, அதற்கு இரண்டே நிறம்: அல்ட்ராமரைனும் சியன்னாவும். காலை நேரத்தில் அதற்கு மேல் நிறம் அங்கே இருப்பதில்லை.

செலவு கேட்டிருந்தீர்கள். காசு கொடுத்து வாங்க வேண்டியது ஆறு ட்யூப், ஒரு ரவுண்டு பிரஷ், ஒரு வாட்டர் பிரஷ், ஒரு ஷீட் தாள், அவ்வளவுதான். ஆறு ட்யூபையும் சேர்த்து வாங்க முடியாவிட்டால் எலுமிச்சை மஞ்சள், ரோஸ், அல்ட்ராமரைன், சியன்னா நான்கையும் முதலில் வாங்குங்கள். மூடியின் வெளிப்புறம் ஒரு துண்டுத் தாளில் நிறங்களையும் அவற்றின் கலவைகளையும் தீற்றி ஒட்டி வையுங்கள். கிண்ணத்தில் காய்ந்துகிடக்கும்போது ரோஸும் சியன்னாவும் ஒரே கருஞ்சிவப்பாகத் தெரியும். மாம்பலத்தில் கூட்டம் ஏறும் நேரத்தில் எது எதுவென்று யோசித்துக்கொண்டிருக்க முடியாது.